பெட்ரோல் டேங்கின் அடிப்பக்கம்

"அடிய தொடச்சியா?"

பூர்ணிமாவிடம் இதைக் கேட்டவள் வாசுகி. தொழிற்பேட்டையில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு கம்பெனியில் கிளேஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவள். ஒரு தடவை கேட்டதல்ல. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் சாயந்திரம் சங்கு ஊதும் வரைக்கும் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் நடந்துகொண்டே இருக்கும். வெள்ளைக் கட்டையை, சுட்டால் கண்ணாடிபோல் பளபளக்கும் கிளேஸ் பாலில் முக்கி எடுத்ததும் அதன் அடிப்பக்கத்தை ஈரப் பஞ்சால் ஒரே சுற்றில் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் சூளைக்குள் போனால் அடியில் இருக்கும் கிளேஸ் உருகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு கட்டையையும் உடைக்க வேண்டும், தட்டையும் உடைக்க வேண்டும், திட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த வேலை பூர்ணிமாவுக்குப் பிடித்திருந்தது. அங்கே பேச வேண்டிய அவசியம் இல்லை. பத்தாம் வகுப்பில் ஒருநாள் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். புத்தகத்தைக் கையில் பிடித்தபடி மணி அடிக்கும் வரைக்கும் வாய் திறக்காமல் நின்றாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. ஏன் என்று வீட்டில் கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை. கம்பெனியில் ஒன்றரை வருஷம் இருந்தாள். களிமண் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்துக்கொண்டதும் அவள் அம்மா பானுமதி, போதும், வீட்டிலேயே கிட என்று நிறுத்திவிட்டாள்.

வீட்டில் கிடந்தவளுக்கு வண்டிப் பெயின்ட் வேலை வந்து சேர்ந்தது தற்செயல்தான். அவள் அண்ணன் இளவழகன் ஜங்ஷன் ரோட்டில் குருமூர்த்தி என்பவரின் டூவீலர் கடையில் மெக்கானிக். ஒரு வண்டியின் சைடு பேனலை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஸ்பிரே டின் வாங்கி, தானே கறுப்பு அடித்துப் பார்த்தான். பெயின்ட் கண்ணீர் மாதிரி வழிந்து உறைந்தது. பாத்ரூம் பக்கம் வீசிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். சாயந்திரம் வந்து பார்த்தபோது பேனல் கொடியில் கம்பி மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. வாட்டர் பேப்பர் போட்டு வழிசலைத் தேய்த்து எடுத்து, மிச்சமிருந்த டின்னாலேயே பூர்ணிமா அதை முடித்திருந்தாள். முகம் பார்த்துத் தலை வாரலாம் போல் இருந்தது.

அடுத்த நாள் கடையில் குருமூர்த்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு யார் அடித்தது என்று கேட்டார். நான்தான் என்றான் இளவழகன். அதை வீட்டுக்கு வந்து தங்கையிடம் மறைக்காமல் சொல்லவும் செய்தான். அவள் தலையை ஆட்டினாள். யாரோ வந்து இதை நீயா செய்தாய் என்று கேட்டு, அதற்குத் தான் ஏதோ பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதைவிட இது நன்றாகவே இருந்தது அவளுக்கு.

அப்படியே இரண்டு வருஷம் ஓடியது. வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட சாய்ப்பில் இளவழகன் பழைய கம்ப்ரஸர் ஒன்றை வாங்கி வைத்தான். ஸ்பிரே கன் வந்தது. மட்கார்டு, சைடு பேனல், ஹெட்லைட் மூடி, பெட்ரோல் டேங்க் என்று சாமான்கள் சாக்கில் சுற்றி வந்து சாக்கில் சுற்றிப் போயின. மங்கலம்பேட்டையிலிருந்து துபாய், சவுதி என்று போய் ஒரு மாத லீவில் வருகிறவர்கள் வந்த வாரமே வண்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, லீவு முடிவதற்குள் நாலு ஊர் சுற்றிக் காட்ட வேண்டும் என்பார்கள். இளவழகன் ஃபோனில் 'இளா கஸ்டம்ஸ்' என்று ஒரு பக்கம் ஆரம்பித்தான். அதில் அவன் டேங்கைத் தடவிக்கொண்டிருக்கும் வீடியோக்கள் நிறைய இருந்தன. அடிக்கும் வீடியோ ஒன்றுகூட இல்லை.

பூர்ணிமாவின் வேலைக்கு ஒரு பாணி இருந்தது. பீங்கான் மாதிரி ஆழமான வெள்ளை, அதன் ஓரத்தில் டீ கப்பின் வாயில் ஓடுவதுபோல் ஒரே ஒரு நீலக் கோடு. அந்தக் கோட்டுக்கு அவள் டேப் ஒட்டுவதில்லை. எரிந்துபோன சீலிங் ஃபேன் மோட்டார் ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் பலகையை அடித்து, டேங்கை அதில் வைத்திருந்தாள். முக்காலியில் உட்கார்ந்து, தூரிகை பிடித்த கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு, இடது கையால் பலகையைச் சுழற்றுவாள். கை அசையாது. டேங்க்தான் வரும். தொழிற்பேட்டையில் கப் செய்யும் கம்பெனிகளில் கோடு போடுகிறவர்கள் அப்படித்தான் போடுவார்கள். பெயின்ட் அடிப்பதும் அதே மாதிரிதான். கன்னை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு டேங்கைச் சுற்றவிடுவாள்.

தை மாசம் குருமூர்த்தி உளுந்தூர்பேட்டை ரோட்டில் பெரிய கடை பிடித்தார். மாசி மகத்துக்கு முன்னால் திறப்பு. அதில் பெயின்ட்டுக்கென்று தனி அறை, அதை இளவழகனே பார்த்துக்கொள்ளட்டும், வீட்டில் இருக்கிற கம்ப்ரஸரையும் அங்கேயே கொண்டுவந்துவிடட்டும் என்றார். இளவழகன் அன்றைக்கு அல்வாவும் மல்லிகைப்பூவும் வாங்கி வந்தான். பானுமதி சாமி படத்துக்குப் பூ வைத்தாள்.

பூர்ணிமா அல்வாவைக் கையில் வைத்துக்கொண்டு சாய்ப்பைப் பார்த்தாள். கம்ப்ரஸர் போய்விட்டால் அந்த இடத்தில் விறகு அடுக்குவார்கள். கடைக்கு அவள் போக முடியாது. ஆட்கள் வந்து நிற்கிற இடத்தில் அவளுக்கு மூச்சே வராது. இந்த வேலை இல்லாத ஒரு நாள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். காலையில் எழுந்து பல் தேய்ப்பது வரைக்கும்தான் நினைக்க முடிந்தது.

"அங்க யாரு அடிப்பாங்க?" என்று கேட்டாள்.

"கத்துக்குவேன். நீ என்னா காலேஜிலயா கத்துக்கிட்ட?"

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்றுதான் அவளுக்கும் பட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். கடையில் நடந்ததை அரைகுறையாகச் சொன்னான். அவன் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து அவள் புரிந்துகொண்டது இதுதான். கோவிந்தசாமி என்பவர் ஒரு பீங்கான் கம்பெனியில் முப்பது வருஷமாகச் சூளையில் சரக்கு அடுக்குகிறவர். அவருடைய பழைய புல்லட்டின் டேங்குக்குப் போன ஐப்பசிக்கு முன்னால் வெள்ளை அடித்து நீலக் கோடு போட்டுக் கொடுத்திருந்தார்கள். கொஞ்ச நாளாக அவர் பேன்ட்டில் முட்டிக்குப் பக்கத்தில் துருக்கறை. துவைத்துத் துவைத்துப் பார்த்த அவர் சம்சாரம், மனுஷன் எங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார் என்று சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால், அடி மடிப்பு முழுக்க இரண்டு விரல் அகலத்துக்குப் பெயின்ட்டே இல்லை. பிரைமர்கூட இல்லை. மழைத் தண்ணீர் இறங்கித் துரு ஏறியிருந்தது.

அவர் சண்டை போடவில்லை. டேங்கைக் குருமூர்த்தியின் மேசைமேல் கவிழ்த்து வைத்து, அந்தத் துருப் பட்டையை விரலால் தொட்டுக்கொண்டே, "தம்பி, நீ கம்பெனியில கிளேஸ்ல வேல பாத்தியா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

எதற்குக் கேட்கிறார் என்று இளவழகனுக்குப் புரியவில்லை. ஆமாம் என்று சொல்வது நல்லதென்று பட்டிருக்கிறது. "ஆமாங்க, ரெண்டு வருசம்," என்று சொல்லிவிட்டான்.

"அதான பாத்தேன். கைப்பழக்கம் போவாது," என்று கோவிந்தசாமி சிரித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வருகிறேன், இந்தத் தடவை என் கண் முன்னால் அடித்துக் கொடு என்றிருக்கிறார். குருமூர்த்தியும், நானும் வருகிறேன், ரூமைக் கொடுப்பதற்கு முன்னால் உன் கைவேலையை ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

"அடியில ஏண்டி அடிக்காம வுட்ட?" என்றான் இளவழகன்.

பூர்ணிமா கொடியில் காய்ந்துகொண்டிருந்த மட்கார்டை எடுத்துக் கவிழ்த்தாள். உள்மடிப்பின் ஓரத்தில் பெயின்ட் இல்லை. பக்கத்தில் இருந்த சைடு பேனலைக் கவிழ்த்தாள். அதிலும் இல்லை. துடைத்த இடம் கோடு போட்டதுபோல் சுத்தமாக இருந்தது. இரண்டு வருஷமாகத் தன் கை இதைச் செய்துவந்தது அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு பூச்சு அடித்து முடித்ததும் மடியில் கிடக்கும் தின்னர்த் துணியை எடுத்து அடியை ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறாள். இங்கே சூளையும் இல்லை, ஒட்டிக்கொள்ளத் தட்டும் இல்லை. மங்கலம்பேட்டைக்கும் சேத்தியாத்தோப்புக்கும் போன அத்தனை டேங்கும் அடி தெரிய ஓடிக்கொண்டிருந்தன. வெளியே நிறுத்தியிருந்த அண்ணனின் வண்டியும் அதில் சேர்த்திதான்.

புதன்கிழமையிலிருந்து இளவழகன் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தான். அவள் கற்றுக்கொடுத்தாள். எதையும் ஒளிக்கவில்லை. பழைய டேங்க் ஒன்றைப் பலகையில் வைத்து, தின்னர் எவ்வளவு, காற்று எவ்வளவு, ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். அவன் உயரமான ஆள். அந்த முக்காலியில் உட்கார்ந்தால் முட்டி மார்புக்கு வந்தது. எழுந்து நின்று குனிந்து அடித்தான். கை டேங்கைச் சுற்றிச் சுற்றி வந்தது. பக்கத்தில் போகும்போது வழிந்தது, தூரம் போகும்போது மாவு தூவியதுபோல் ஆனது. டேங்கைச் சுத்து, கையைச் சுத்தாதே என்று அவள் சொன்னாள். நாலு சுற்று அப்படிச் செய்வான், ஐந்தாவது சுற்றில் கை தானாகக் கிளம்பிவிடும்.

"ஒரு தாட்டியாவது நல்லா இருக்குதுன்னு சொல்லேன்," என்றான்.

"நேத்திக்கி இது பரவால்ல."

அடியைத் துடைக்கக் கூடாது என்பதையும் தவறாமல் சொன்னாள். ஆனால் செய்து காட்டும்போது ஒவ்வொரு தடவையும் பூச்சு முடிந்ததும் கை மடியிலிருந்த துணிக்குப் போய், அடியை ஒரு சுற்றுச் சுற்றி, துணியை மடியில் போட்டது. வாய் துடைக்காதே என்றது, கை துடைத்தது. அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை கோவிந்தசாமியின் டேங்க் வந்தது. சனிக்கிழமைக்குள் துருவைச் சுரண்டி, பட்டி வைத்துத் தேய்த்து, அடி மேல் பார்க்காமல் முழுக்கச் சாம்பல் பிரைமர் போட்டு வைத்தாள். அன்று துணியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்து வேலை செய்தாள். கை இரண்டு முறை மடியைத் தேடியது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். குருமூர்த்தி வெள்ளைச் சட்டையும் ஓயாத ஃபோனுமாக வந்தார். கோவிந்தசாமி ஒல்லியான மனிதர். சூளை வெக்கையில் புருவம் பாதி உதிர்ந்திருந்தது. பானுமதி டீ கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பி அதன் அடியைப் பார்த்தார். பிறகுதான் கீழே வைத்தார்.

"இன்னாங்க, டம்ளருல எதுனா வுழுந்துடுச்சா?" என்று பானுமதி பதறினாள்.

"அந்தாளு பொண்ணு பாக்கப் போனப்பவும் கவுத்துத்தாம்மா பாத்திருப்பாரு," என்றார் குருமூர்த்தி. கோவிந்தசாமியே சிரித்துவிட்டார்.

பூர்ணிமா அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அங்கிருந்து சாய்ப்பு முழுக்கத் தெரிந்தது. இளவழகன் மூக்கில் துணி கட்டிக்கொண்டு கம்ப்ரஸரைப் போட்டான். அது இரும ஆரம்பித்தது. கன்னில் வெள்ளையை ஊற்றினான். கோவிந்தசாமி டேங்கைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தார். அதை ஒரு விரலால் தள்ளிச் சுழலவிட்டார். தேய்ந்து வழவழப்பாகியிருந்த இடது ஓரத்தைத் தடவினார். முக்காலியின் உயரத்தையும் இளவழகனின் உயரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

இளவழகன் முதல் மூன்று சுற்று ஒழுங்காகத்தான் அடித்தான். நாலு நாள் பழக்கம் வீண்போகவில்லை என்று ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவளுக்குத் தோன்றியது. அவன் நன்றாக முடித்துவிட்டால் கம்ப்ரஸர் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் டேங்கைச் சுத்து, டேங்கைச் சுத்து என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். குருமூர்த்தியின் ஃபோன் அடித்தது. இளவழகனின் கை கிளம்பியது. டேங்கின் தோளில் வெள்ளை கனத்து, திரண்டு, மெதுவாக இறங்கியது. அவன் அதைப் பார்த்தான். பார்க்காததுபோல் மறுபக்கம் போனான். அங்கும் ஒன்று இறங்கியது.

ஒரு பூச்சு முடிந்தது. அவன் கன்னை மாட்டிவிட்டு, பலகையின் ஓரத்தில் கிடந்த துணியை எடுத்தான். டேங்கைச் சாய்த்து, அடி மடிப்பை வளைத்து அழுத்தி ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு, துணியைப் போட்டான்.

கம்ப்ரஸர் தானாக நின்றது. தெரு முனையில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"தம்பி," என்றார் கோவிந்தசாமி. "அடிய வுட்டுட்டன்னுதான திருப்பிக் கொண்டாந்தேன்?"

இளவழகன் தன் கையைப் பார்த்தான். குருமூர்த்தி ஃபோனை அணைத்தார். அது கிளேஸ் வேலைப் பழக்கம் என்று இளவழகன் ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் விட்டான்.

கோவிந்தசாமி அவனிடம் மேற்கொண்டு கேட்கவில்லை. பானுமதி பக்கம் திரும்பி, "இந்த வூட்டுல கம்பெனிக்குப் போனது யாரும்மா?" என்றார்.

"பொண்ணுதாங்க," என்றாள் பானுமதி. அவளுக்கு இதில் ஒளிக்க என்ன இருக்கிறதென்று தெரியாது. "ஒன்றர வருசம் போச்சு. தூசி ஒத்துக்கலன்னு நிறுத்திப்புட்டேன். இவன் கம்பெனி வாசல மிதிச்சதில்ல."

குருமூர்த்தி இளவழகனைப் பார்த்தார். கோவிந்தசாமி ஜன்னலைப் பார்த்தார்.

பூர்ணிமா உள்ளேயே இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அவர்கள் டேங்கை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அறை கிடைத்திருக்காது, கம்ப்ரஸர் வீட்டிலேயே கிடந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு சாக்கில் சுற்றி ஒரு சாமானும் வந்திருக்காது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டேங்கில் இறங்கிய வெள்ளை இன்னும் பத்து நிமிஷத்தில் தோல் கட்டிவிடும். பிறகு எல்லாவற்றையும் பிரைமர் வரைக்கும் தேய்க்க வேண்டும். அதைத்தான் அவள் யோசித்தாள் போலிருக்கிறது. பின்கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

யார் முகத்தையும் பார்க்கவில்லை. தின்னரில் நனைத்த துணியால் ஈரமாக இருந்த வெள்ளையை மொத்தமாகத் துடைத்தெடுத்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள். கன்னின் முனையைத் திருகிக் காற்றைக் குறைத்து, தகரத்தில் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, இடது கையைப் பலகையில் வைத்தாள். பலகை சுழன்றது. முழங்கை முட்டியில் ஊன்றியிருந்தது. வெள்ளை எங்கும் ஒரே கனத்தில் ஏறியது. மூன்று மனிதர்கள் தலைக்குமேல் நிற்பது முதல் இரண்டு சுற்று வரைக்கும் முதுகில் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

மேல்பக்கம் முடிந்ததும் டேங்கைக் கொக்கியில் மாட்டிக் கவிழ்த்து அடிக்கும் அடித்தாள். கன்னை இறக்கியபோது வலது கை துணிக்குப் போய்விட்டது. துணியைப் பிடித்தும்விட்டது. அங்கேயே நின்றது. அவள் துணியைச் சுருட்டி அம்மாவின் கையில் கொடுத்தாள்.

கோவிந்தசாமி குனிந்து பார்த்தார்.

"அடிய தொடச்சியா?" என்றார். வாசுகியின் குரல் அச்சு அசலாக இல்லை. ஆனால் கம்பெனியில் எல்லோரும் அதை ஒரே ராகத்தில்தான் கேட்பார்கள்.

"இல்லீங்க."

"தொடைக்காத," என்றுவிட்டு அவர் நிழலில் போய் உட்கார்ந்தார்.

குருமூர்த்தி ஃபோனைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு அவர் வியாபாரியாகவே பேசினார். யார் அடித்தாலும் தனக்கு வேலைதான் முக்கியம் என்றார். அறைக்குத் தனியாகக் கதவு வைத்துத் தருகிறேன், பொண்ணு ஷேர் ஆட்டோவில் வந்து போகட்டும், ஒருத்தரும் உள்ளே வரமாட்டார்கள் என்று பானுமதியிடம் சொன்னார். பானுமதி மகளைப் பார்த்தாள், பிறகு மகனைப் பார்த்தாள்.

"கடைக்கு வரலீங்க," என்றாள் பூர்ணிமா. பலகையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். "இங்கியே குடுத்தனுப்புங்க. செஞ்சித் தரேன். இதுக்கு முந்தி போனதெல்லாத்தையும் திருப்பி வாங்கியாங்க. அடி அடிக்கணும்."

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

இளவழகன் அதுவரைக்கும் சுவரோரம் நின்றிருந்தான். மூக்கில் கட்டிய துணி கழுத்துக்கு இறங்கியிருந்தது. கம்ப்ரஸரிடம் போய் சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கினான். கன்னிலிருந்து ஹோஸைக் கழற்றி, முழங்கையில் வளையம் வளையமாகச் சுற்ற ஆரம்பித்தான். சாமானை ஊர் மாற்றுகிறவர்கள்தான் அப்படிச் சுற்றுவார்கள். கம்ப்ரஸர் அவன் சம்பாதித்து வாங்கியது. அதை எடுத்துக்கொண்டு போனால் ஒருவரும் ஒன்றும் கேட்க முடியாது. பூர்ணிமா ஹோஸையே பார்த்தாள். ஏழு சுற்று, எட்டு சுற்று. முனை வந்தது.

அவன் அதை அவள் எப்போதும் மாட்டுகிற ஆணியில் மாட்டினான். கம்ப்ரஸரை நின்ற இடத்திலேயே விட்டான். பிறகு பாத்ரூம் சுவர்மேல் இருந்த சாவியை எடுத்தான். பக்கத்துச் சந்து குறுகல். வண்டியை ஒருக்களித்துத் தள்ளிக்கொண்டு போனான். ஹாண்டில்பார் ஒரு இடத்தில் சுவரை உரசியது. வெள்ளை டேங்கும் நீலக் கோடும் வெயிலில் ஒரு தடவை மின்னி, திரும்பி மறைந்தன. பானுமதி, இளா, சாப்பிட்டுவிட்டுப் போடா என்று கூப்பிட்டாள். தெருவில் அவன் வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது.